விடியல் மணல் நிறம்

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கைப்பேசியை ஓரமாக வைத்துவிடுங்கள், அது எங்கேயும் ஓடிப்போகாது. சுத்தத்தாலேயே அவதிப்பட்ட ஒரு மனிதரின் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம், அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

அலுவலகக் கழிப்பறையில், கை கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார் மஞ்சத்துணி. கையில் சோப்பு நுரை. நுரைக்குள் ஒரு கடிகாரத்தின் துணிப்பட்டை. சற்று முன்பு வரை அது மணல் நிறத்தில் இருந்தது. இப்போது பால் மாதிரி வெள்ளை.

"போச்சு" என்று கண்ணாடியில் தெரிந்த தன் முகத்திடம் சொன்னார். கண்ணாடியில் ஒரு நீர்ப்புள்ளி தெரிந்தது. அந்த நிலைமையிலும் அதைத் துடைத்துவிட்டுத்தான் மறுபடி கவலைப்பட்டார்.

மஞ்சத்துணி என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். ஒரு பெரிய கடிகார நிறுவனத்தின் காட்சிக்கூடத்தில் கண்ணாடிப் பேழைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி இருக்கும். கைரேகை, தூசி, யாரோ விட்ட மூச்சு, எது பட்டாலும் அவரால் சும்மா இருக்க முடியாது. பேசிக்கொண்டிருக்கிறவரின் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கித் துடைத்துத் தருவார். கேட்காமலும் துடைத்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் விழா. 'ஆழி' என்கிற கடிகார வரிசை எப்படிப் பிறந்து எப்படியெல்லாம் மாறி வந்தது என்று ஒரே நீளப் பேழையில் காட்டப்போகிறார்கள். முதல் ஆழியை வடிவமைத்த அம்மாவே வருகிறார். ஆழி விளையாட்டுக் கடிகாரம். கடலில் குதிக்கிறவர்களுக்காகச் செய்தது. விலையைப் பார்த்தால் நமக்குத்தான் மூச்சு முட்டும். வாங்குகிறவர்கள் கை கழுவும்போதுகூட அதைக் கழற்றி வைப்பார்கள்.

முதல் ஆழி சின்னது. கறுப்பு முகம், மணல் நிறத் துணிப்பட்டை, வேறு அலங்காரம் கிடையாது. அடுத்ததற்கு முகத்தைச் சுற்றி ஒரு வளையம் முளைத்தது, தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று திருப்பி வைத்துப் பார்க்க. வளையத்தின் விளிம்பில் அதே மணல் நிறம். பிறகு முட்கள் தடித்து ஆரஞ்சு நிறமாயின. பிறகு தங்கக் காலம். கட்டிக்கொண்டவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்க வேண்டும், அவ்வளவு கனம். அதற்கு முகமே மணல் நிறம். அப்புறம் ஒரு கறுப்பு ராட்சசன், சமையலறை டப்பா மூடி அளவுக்கு. அதன் பட்டையில் தையல் நூல் மட்டும் மணல் நிறம். அதற்கடுத்து, வயிற்றைத் திறந்து குடலைக் காட்டுகிற கண்ணாடிக் கடிகாரம். இதற்கு மேல் காட்ட ஒன்றும் இல்லை என்று ஆனதும், முதல் கடிகாரத்தையே அச்சு அசலாக மறுபடி செய்து பேழையின் மறுகோடியில் வைத்துவிட்டார்கள். காற்சட்டை அகலமாகி, இறுகி, மறுபடி அகலமாகிற கதைதான்.

அந்தப் புதியதற்குப் பழசின் கீறல்களைக்கூட அதே இடத்தில் போட்டிருந்தார்கள். பட்டையின் நிறமும் இம்மி பிசகாமல் பழசைப் போலவே. "எங்க முதலாளியாலயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியல" என்று விளம்பரத்தில் பெருமையாகவும் போட்டிருந்தார்கள்.

மஞ்சத்துணியாலும் முடியவில்லை. அதுதான் சங்கடம்.

காலையில் பேழைக்குள் துடைப்பதற்காக எல்லாக் கடிகாரங்களையும் எடுத்து மேசையில் பரப்பினார். ஒன்றின் பட்டை அழுக்காகத் தெரிந்தது. விழாவும் அதுவுமாக இப்படியா என்று மனசு கேட்கவில்லை. பட்டையைப் பிடித்திருக்கும் பக்கத்து ஊசிகளைத் தள்ளிப் பட்டையைக் கழற்றிக்கொண்டு போய் நல்ல காரச் சோப்பாகப் போட்டுத் தேய்த்தார். இன்னொன்றும் அதே மாதிரி அழுக்காகத்தான் இருக்கிறது என்பது அவர் கண்ணில் படவே இல்லை.

இப்போது ஓடிவந்து மேசையைப் பார்த்தார். பட்டை இல்லாத கடிகாரம் ஒன்று, பட்டையோடு அதே மாதிரி ஒன்று. இதில் எது முதல், எது கடைசி? திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒரே எழுத்து, ஒரே கீறல். திறந்து பார்க்கலாமென்றால் பழுது பார்ப்பவர் விடுப்பில் இருந்தார்.

தோய்த்தது புதியதின் பட்டை என்றால் பரவாயில்லை, கிடங்கில் வேறு வாங்கிக்கொள்ளலாம். பழசின் பட்டை என்றால், உலகத்தில் அது ஒன்றுதான்.

"இந்த விழா நல்லபடியா முடியட்டும், கூடத்தை முழுசா உங்க பொறுப்புல விட்டுடறேன்" என்று மேலாளர் அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். "ஏதாவது குளறுபடி ஆச்சுன்னா கிடங்குக்குத்தான்." கிடங்கு நிலவறையில் இருந்தது. அங்கே கண்ணாடியே கிடையாது. அட்டைப்பெட்டிகள் மட்டும். அட்டைப்பெட்டியைத் துடைத்துப் பளபளப்பாக்க யாரால் முடியும்?

மறுபடி கழிப்பறைக்கு ஓடினார். வீட்டுக்கு, மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, ஒரு துணியில சாயம் போயிட்டா என்ன பண்றது?"

"யாரோட துணி?"

"சும்மா, பொதுவா கேக்கறேன்."

"வேலை நேரத்துல போன் பண்ணி யாரும் பொதுவா சாயத்தைப் பத்திக் கேக்க மாட்டாங்க. எதைத் தோய்ச்சீங்க? என் கைப்பையைத் தோய்ச்சீங்களே, அந்த மாதிரியா?"

"அதை விடும்மா. நிறத்தைத் திரும்ப ஏத்தணும், அவ்வளவுதான்."

"என்ன நிறம்?"

"விடியல் மணல்." விளக்க அட்டையில் இருந்தது அவருக்கு மனப்பாடம். "வடிவமைச்ச அம்மா விடியற்காலைல தனியா கடற்கரையில நடந்து போறாங்க. பாதத்துல ஒட்டின ஈர மணலைக் குனிஞ்சு பாக்கறாங்க. அந்த நிறம்..."

"கதை வேணாங்க. நம்ம வீட்டுல எது மாதிரி இருக்கும், அதைச் சொல்லுங்க."

யோசித்தார். "நீ ஆற வெச்சு மறந்துடுவியே, காபி. அது மாதிரி."

"அப்ப காபியிலயே முக்குங்க. முக்கிட்டு நேரா வீட்டுக்கு வந்துடாதீங்க. வேலை போச்சுன்னா நாள் முழுக்க என்னைத் துடைச்சுக்கிட்டு நிப்பீங்க, என்னால ஆகாது."

காபி அக்கா நடைபாதை முனையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மஞ்சத்துணி அந்த இயந்திரத்தை ஒரு நாளில் பலதடவை துடைப்பதால் இருவருக்கும் நல்ல பழக்கம்.

"அக்கா, பால் இல்லாம ஒரு பெரிய கப்பு."

"நீங்க காபியே குடிக்க மாட்டீங்களே."

"குடிக்கறதுக்கு இல்ல."

"பின்ன குளிக்கறதுக்கா?"

பதில் சொல்ல நேரம் இல்லை. பட்டையை முக்கினார். நிற்க முடியாமல் கழிப்பறைக்குள்ளேயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். எடுத்துப் பார்த்தால் பட்டை மேசைக்கால் நிறத்தில் இருந்தது. விடியல் மணல் இல்லை, நடுராத்திரி மணல்.

கொஞ்சம் வெளுக்கட்டும் என்று சோப்பை லேசாகக் காட்டினார். ஒரு பக்கம் வெளுத்தது, மறுபக்கம் அப்படியே நின்றது. மறுபடி காபி, மறுபடி சோப்பு. கடைசியில் ஒருவழியாக நிறம் வந்தது. ஒரே ஈரம். கை உலர்த்தும் இயந்திரத்தின் அடியில் பிடித்தார், சூடான காற்று சீறியது. காய்ந்தது. காய்ந்ததோடு நிற்காமல் சுருங்கவும் செய்தது. இப்போது குழந்தை கைக்குக் கட்டலாம்.

கதவுக்கு வெளியே டக் டக் என்று மேலாளர் அம்மாவின் காலணி.

"மஞ்சத்துணி, உள்ள இருக்கீங்களா? வடிவமைச்ச அம்மா கிளம்பிட்டாங்களாம். பேழை தயாரா?"

"இதோ மேடம். கண்ணாடி துடைச்சிக்கிட்டு இருக்கேன்."

"கழிப்பறைக் கண்ணாடியைப் பாக்கவா அவங்க வராங்க?"

காலணிச் சத்தம் நகர்ந்தது. வெளியே வந்து பட்டையை மாட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாட்டியது ஒரு துளி கறுத்திருந்தது. மனசு அதிலேயே நின்றது. ஒன்றை இன்னொன்றின் நிறத்துக்குக் கொண்டுவர முடியாவிட்டால், இன்னொன்றை இதன் நிறத்துக்குக் கொண்டுவந்தால் என்ன? பாருங்கள் கண்ணுங்களா, ஒரு பட்டையோடு போயிருக்க வேண்டிய விஷயம்.

மற்றப் பட்டையையும் கழற்றிக் காபியில் முக்கினார். எடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. காபி வழிந்து ஓடிவிட்டது, நிறம் முன்பு இருந்த மாதிரியே இருந்தது. சோப்பைப் போட்டுத் தேய்த்தார். நுரைதான் வந்தது, நிறம் அசையவில்லை. அவர் கை வலித்தது.

இன்னொரு கப்பு வாங்கப் போனபோது அக்கா மடக்கினார். "என்ன நடக்குதுன்னு சொன்னாத்தான் இனிமே காபி."

சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"இதுல என்ன குழப்பம்? எந்தச் சாயம் நிக்குதோ அதுதான் பழசு. அந்தக் காலத்துப் பொருள்னா பொருள். எங்க வீட்டுல பழைய போர்வை ஒண்ணு கிடக்கு, எத்தனை தோய்ப்பு பாத்திருக்கும், நிறம் அப்படியே இருக்கு. போன மாசம் புதுசு வாங்கினேன், ஒரே தண்ணியில என் வேட்டி துண்டெல்லாம் ஊதா."

"உங்க வேட்டியா?"

"வீட்டுக்காரர் வேட்டி. விஷயத்துக்கு வாங்க."

மஞ்சத்துணிக்குக் காலையிலிருந்து அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. ஆமாம். எவ்வளவு தேய்த்தும் அசையாமல் நின்ற பட்டைதான் பழசு. சோப்பைக் கண்டதும் வெளுத்துப் போனது இந்தக் காலத்து ஏமாற்று. தான் தோய்த்தது புதியதை. முதல் கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயம் நின்ற பட்டையை மாட்டி, அந்தக் கடிகாரத்தை முதலிடத்தில் வைத்தார். காபி குடித்ததைக் கடைசியிடத்தில் வைத்தார். பேழையைப் பூட்டி, கண்ணாடியைத் துடைத்து, தன் நெற்றியையும் அதே துணியால் துடைத்துக்கொண்டார்.

மேலாளர் அம்மா வந்து பார்வையிட்டார். கடைசிக் கடிகாரத்தின் முன் நின்றார்.

"இது ஏன் கொஞ்சம் கறுத்துத் தெரியுது?"

"வெளிச்சம் மேடம். அந்த விளக்கு அப்படி."

அவர் நகர்ந்ததும் அந்த விளக்கைத் திருகித் தளர்த்திவிட்டார். இருட்டில் எது கறுப்பு, எது மணல் என்று யாருக்குத் தெரியும்?

மேலாளர் அம்மாவுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து, "புதுசு இருக்கற இடத்துலயா விளக்கு எரியல? அதைத்தானே நாம விக்கப்போறோம்" என்று புகைப்படக்காரர்களிடமிருந்து ஒரு பெரிய நிலைவிளக்கை வாங்கி, நேராக அதன் தலைமேல் நிறுத்தச் செய்தார். சூட்டுக்கு உள்ளே காற்று போகட்டும் என்று மேல் கண்ணாடியையும் லேசாகத் திறந்துவைக்கச் சொன்னார்.

விளக்குச் சூட்டில் பட்டை மெல்ல வெதுவெதுப்பானது. விருந்தாளிகள் வர ஆரம்பித்தபோது கூடம் முழுக்கக் காபி மணந்தது.

"அடடா, நல்ல வாசனை" என்றார் ஒருவர். "எப்பங்க குடுப்பீங்க?"

மஞ்சத்துணி அக்காவிடம் ஓடினார். "அக்கா, காபியை இப்பவே கொண்டாங்க. எல்லார் கையிலயும் குடுங்க. கூடம் முழுக்கக் காபி இருந்தா, எது எங்கேருந்து மணக்குதுன்னு தெரியாது."

"பேழைகிட்ட தண்ணி கூடக் கொண்டுவரக் கூடாதுன்னு போர்டு மாட்டினது நீங்கதானே?"

"அந்தப் போர்டை நான் திருப்பி வெச்சுட்டேன்."

இப்படித்தான், கதவு திறந்து வடிவமைத்த அம்மா உள்ளே வந்தபோது, கூடத்தில் எல்லார் கையிலும் காபி இருந்தது. மெல்லிய உடம்பு, வெள்ளை முடி, நல்ல நிமிர்ந்த நடை. பின்னால் அவர் வீட்டுக்காரர், மனைவியின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழியில் வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை. அக்கா மட்டும் தட்டை நீட்டினார்.

"எனக்கு வேணாம்மா."

"பிடிக்காதாங்க?"

"ரொம்பப் பிடிக்கும். இவ பக்கத்துல இருக்கறப்ப என் கையில காபி இருக்கக் கூடாதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டா."

மேலாளர் அம்மா ஒலிவாங்கி முன் நின்று விளக்க அட்டையை உருக்கமாக வாசித்தார். விடியற்காலை, தனிமை, கடற்கரை, பாதத்தில் ஒட்டிய ஈர மணல். "அன்னைக்கு அந்தக் கடல் குடுத்த நிறம்தான், இன்னைக்கு வரைக்கும் ஒவ்வொரு ஆழியிலயும் ஏதாவது ஒரு மூலையில இருக்கு." எல்லாரும் கை தட்டினார்கள். வடிவமைத்த அம்மாவுக்கு இருமல் வந்தது. வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"அம்மா, முதல் கடிகாரத்தை உங்க கையாலயே எடுத்துக் கட்டிக்கணும்" என்றார் மேலாளர் அம்மா.

வடிவமைத்த அம்மா முதல் கடிகாரத்தை எடுத்தார். பட்டையை விரலால் நெருடினார். அப்படியே திரும்ப வைத்தார். வரிசையோடு நடந்தார். வளையம், ஆரஞ்சு முள், தங்கம், ராட்சசன், குடல். தங்கத்தின் முன் மட்டும், "இதை நான் வரையல. அப்ப இருந்த முதலாளியோட மைத்துனர் வரைஞ்சது" என்றார். கடைசியில் வந்து நின்றார்.

மஞ்சத்துணியின் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. தூணுக்குப் பின்னால் போனார், முன்னால் வந்தார், தூணைத் துடைத்தார்.

வடிவமைத்த அம்மா அந்தக் கடிகாரத்தை எடுத்து மூக்குக்கிட்டே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே சிரித்தார்.

"காபி" என்றார்.

அவர் அதை மணிக்கட்டில் கட்டினார். குழந்தை கைக்கென்று சுருங்கியிருந்த பட்டை அந்த மெலிந்த கைக்குச் சரியாகப் பொருந்தியது.

"அம்மா, அது புதுசும்மா" என்றார் மேலாளர் அம்மா. "முதல் கடிகாரம் அந்தக் கோடியில இருக்கு."

"எனக்கு இதுதான்."

"காபியா? இதுல எப்படிக் காபி?" மேலாளர் அம்மாவின் பார்வை கூடத்தைச் சுற்றி வந்து, தூணைத் துடைத்துக்கொண்டிருந்த மஞ்சள் துணியில் நின்றது. "இங்க வாங்க."

வந்தார். இனி மறைத்து ஆகப்போவது இல்லை.

"நான்தான் மேடம். அழுக்கா இருந்துச்சு, சோப்புப் போட்டேன், வெள்ளையா வெளுத்துடுச்சு. அதான் காபியில முக்கினேன். சூட்டுல சுருங்கவும் சுருங்கிடுச்சு. ஆனா பயப்படாதீங்க, அது புதுசுதான். இந்தக் காலத்துச் சாயம், நிக்கல. பழசையும் தேய்ச்சுப் பாத்துட்டேன், அசையவே இல்ல. அதுக்கு ஒண்ணும் ஆகல."

"பழசையும் தேய்ச்சீங்களா?"

"லேசா."

"நாளைக்குக் காலைல கிடங்குக்கு வந்துடுங்க" என்றார் மேலாளர் அம்மா, தாழ்ந்த குரலில். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மஞ்சத்துணி சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்து மடித்து மேசையில் வைத்தார். போர் முடிந்து வாளை வைக்கிற மாதிரி.

அப்போது பின்னாலிருந்து, கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டு, இதுவரை யாரும் கவனிக்காத அந்த வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். சொல்லுங்க என்பது போல மனைவி தலையசைத்தார்.

"சோப்புல வெளுத்துச்சுன்னா அதுதாம்மா முதல் கடிகாரம்" என்றார் அவர். "அந்தப் பட்டைக்கு யாரும் சாயமே ஏத்தல, அது முதலாளி வந்து பாக்கப்போற அன்னைக்கு இவ மேசையில நான் கொட்டின காபி."

போய் வாங்க கண்ணுங்களா. உங்கள் வீட்டு வெள்ளைத் துணியில் யார் எதைக் கொட்டினாலும் அது உங்களுக்கு அழகான நிறமாகவே அமையட்டும். கொட்டினவரும் துடைத்தவரும் கடைசிவரை ஒரே வீட்டில் சிரித்துக்கொண்டு இருக்கட்டும்.